தொண்ணூற்றிரண்டு லைன்

பிள்ளையார்பாளையம் எக்சேஞ்சில் யாரும் நம்பர் சொல்லிப் போன் கேட்டது கிடையாது. தங்கள் போனுக்கு நம்பர் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினால் எக்சேஞ்சில் போர்டின் மேல் ஒரு பித்தளை மூடி டக்கென்று விழும். மங்கையர்க்கரசி பிளக்கைச் செருகி, "எக்சேஞ்சு" என்பாள். "சத்தார் பாயைக் குடும்மா" என்பார்கள். கொடுப்பாள். பதினோரு வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போனை மாற்ற வேண்டுமென்றால் இலாகாவுக்கு மனுப் போட வேண்டும். மனுப் போட்டால் ஒன்றரை வருஷம் ஆகும். பட்டு வியாபாரிகளுக்கு அத்தனை பொறுமை ஏது? பாகம் பிரித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் கடைகளை மாற்றிக்கொள்வார்கள், போன்களை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். பிறகு எக்சேஞ்சுக்கு ஒரு வார்த்தை: "எக்சேஞ்சம்மா, இன்னிலேர்ந்து நான் அங்க, அவன் இங்க. பார்த்துக்கோ." அவள் பார்த்துக்கொண்டாள். ஒரு சீட்டில்கூட எழுதி வைக்கவில்லை. எழுதினால் அது சட்டவிரோதமாகிவிடும், மனசில் வைத்துக்கொண்டால் உபகாரம். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

டாக்டர் அர்ஜுனனும் ஜரிகை வியாபாரி அப்துல் சத்தாரும் இரண்டு வருஷத்துக்கு முன் இடம் மாற்றிக்கொண்டார்கள். டாக்டரின் மருந்து அலமாரி ஜரிகைக் கடைக்குப் போயிற்று, ஜரிகைப் பெட்டிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தன. ரிஜிஸ்டரில் மட்டும் டாக்டர் இன்னும் ஐம்பத்து மூன்றாம் நம்பரிலும், சத்தார் பாய் முப்பத்தொன்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். நிஜத்தில் நேர்மாறு. இந்த மாதிரி இடம் மாறிப்போனவை, தொண்ணூற்றிரண்டு லைன்களில் நாற்பத்து மூன்று.

மங்கையர்க்கரசிக்கு முப்பத்து நாலு வயது. ஏனாத்தூரில் விவசாயக் குடும்பத்துப் பெண், அண்ணன் வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோனாள். புருஷன் தர்மன் குடியாத்தத்தில் முனிசிபல் பள்ளி ஆசிரியர். பக்கவாதத்தில் படுத்துவிட்ட தகப்பனாரை விட்டு அவரால் நகர முடியாது, வேறு பிள்ளையும் இல்லை. ஆறு வயது மகள் காந்தாவும் அங்கேதான். சனிக்கிழமை மாலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துப் போவாள் இவள், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா, உன் அம்மா எங்கே என்று கேட்டதற்குக் காந்தா, "எனக்குச் சனிக்கிழமைதான் அம்மா" என்று சொன்னதாம். தர்மன் அதை வேடிக்கைபோல எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று, மூன்று பேருக்கு அவள் தப்பான லைனைக் கொடுத்தாள். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நாலு மனு போட்டு, ஐந்தாவது மனுவுக்குக் குடியாத்தத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆனால் வால் ஒன்று ஒட்டியிருந்தது: புதுப் போர்டு நிறுவப்பட்டபின் விடுவிக்கப்படுவார்.

அறுபத்தொன்பதாம் வருஷம் வைகாசி அது. முன்னூறு லைன் தாங்கக்கூடிய புதுப் போர்டு மரப்பெட்டியில் வந்து இறங்கியிருந்தது. மாணிக்கவாசகம் என்ற எஞ்சினீயர் மெட்ராஸிலிருந்து வந்தார். நல்ல மனுஷர், அதட்டத் தெரியாதவர். பேனாவை மட்டும் எப்போதும் மூடி கழற்றித் தயாராக வைத்திருப்பார். ஒரு நாள் எக்சேஞ்சை மூடிவிட்டு நிதானமாக மாற்றலாம் என்றுதான் அவர் சொன்னார். பட்டுக்கடைக்காரர்கள் குதித்துவிட்டார்கள். வைகாசி முகூர்த்தத்தில் ஒரு நாள் போன் இல்லை என்றால் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் யார் பதில் சொல்வது? சங்கத் தலைவர் கோதண்டபாணி நேரில் வந்து, ஒரு மணி நேரம்கூட நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, ஓடுகிற எக்சேஞ்சை ஓட ஓடவே மாற்றுவது என்று முடிவாயிற்று. அடுப்பை அணைக்காமல் வீடு மாறுகிற கதைதான்.

அதற்கு எஞ்சினீயர் ஒரு வழி செய்தார். பழைய போர்டும் புதுப் போர்டும் அக்கம்பக்கமாக நிற்கும். மெக்கானிக் தாவீது பத்துப் பத்து லைனாகப் பழையதிலிருந்து அவிழ்த்துப் புதியதில் கட்டுவான். பழைய போர்டில் மங்கை, புதியதில் அம்சவேணி. இந்த அம்சவேணிதான் மங்கையின் இடத்துக்கு வந்த பெண். பயிற்சி முடிந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளிடம் பேச வேண்டுமானால் இடையில் ஆறு கம்பிகள் உண்டு, ஒருத்தி கேட்க ஒருத்தி கொடுக்க வேண்டியது.

புதுப் போர்டில் ஒவ்வொரு துளைக்கும் கீழே பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு நூறு கூடியிருந்தது. இனிமேல் நம்பர் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று ஒரு சின்னப் புத்தகமும் அச்சடித்து, தபால்காரர் மூலம் வீடு வீடாகக் கொடுத்தாகிவிட்டது. சீட்டும் புத்தகமும் ரிஜிஸ்டரைப் பார்த்துச் செய்தவை. ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்ற வரியின் கீழே மங்கையர்க்கரசியின் கையெழுத்து இருந்தது.

ஏன் போட்டாள்? அன்றைக்கு எஞ்சினீயர் இரண்டு காகிதங்களை ஒன்றாக அவள் முன் வைத்தார். மேலே ரிஜிஸ்டர், அடியில் அவளை விடுவிக்கும் உத்தரவின் நகல். இதில் கையெழுத்தானால்தான் அது நகரும் என்றார். நாற்பத்து மூன்று தப்பு இருக்கிறது என்று சொன்னால், இத்தனை வருஷம் யாரைக் கேட்டு மாற்றிக் கொடுத்தாய் என்று மெமோ வரும். மெமோ வந்தவளுக்கு மாற்றல் கிடையாது. அவள் அஞ்சு நிமிஷம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவேணிக்கு வாய்வழியாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம், பத்து நாள் போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டுவிட்டாள்.

பத்து நாளில் அம்சவேணி பதினைந்து பெயர் கற்றுக்கொண்டாள். பதினாறாவதைச் சொன்னால் முதலாவது மறந்துபோயிற்று. அவள் மேல் குற்றமில்லை. முப்பத்தொன்று என்றால் இன்னார் வீட்டுக் கல்யாணம், இன்னார் வீட்டு வழக்கு என்று மங்கைக்குள் பதினோரு வருஷமாக ஊறிக்கிடந்த விஷயம் அது. அதைப் பத்து நாளில் ஒரு பெண்ணின் தலையில் எப்படி இறக்கி வைப்பது?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை ஆரம்பித்தது. மங்கையின் கைப்பை, குடியாத்தத்துக்குக் கொண்டுபோகும் துணிப்பையோடு சேர்ந்து, நாற்காலிக்கு அடியில் இருந்தது. தலையில் ஹெட்செட், மார்பில் பேசுகுழல், அதன் கயிறு போர்டோடு இணைந்திருந்தது. நாலடிக்கு மேல் எழுந்து நகர முடியாது. அவளுக்கு அது பழகிய கயிறுதான், ஆனால் அன்று காலை அது கழுத்தை இறுக்குவதுபோல இருந்தது.

எஞ்சினீயர் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நம்பரை உரக்கப் படிப்பார். தாவீது அவிழ்ப்பான், கட்டுவான், "ஓ.கே. சார்" என்பான். முதல் பத்து லைனும் பிசகில்லாமல் போயின. அதில் இடம் மாறியவை மூன்றுதான், மூன்றும் அம்சவேணிக்குத் தெரிந்தவை. இரண்டாவது பத்திலேயே சிக்கல் தலைகாட்டியது. யாரோ புத்தகத்தைப் பார்த்து நூற்றுப் பதினெட்டு கேட்டார்கள். அம்சவேணி கொடுத்தாள். பட்டுக்கடையைக் கேட்டவருக்கு அரிசி மண்டி கிடைத்தது. எதிர்முனையில் சத்தம் போட்டார்கள். அம்சவேணி திருதிருவென்று விழித்தாள். மங்கை பேசுகுழலைக் கையால் மூடிக்கொண்டு, "பதினாலு, பதினாலு" என்று முணுமுணுத்தாள். பெண் புரிந்துகொண்டு மாற்றினாள். எஞ்சினீயர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, ராங் நம்பரா?"

புதுப் போர்டு, பழகணும் சார் என்று மங்கை சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

அதன்பிறகு அவள் இரண்டு போர்டையும் ஒருத்தியாகவே ஓட்டினாள் என்று சொல்ல வேண்டும். தன் மூடி விழுந்தால் தன் கை, அங்கே மூடி விழுந்தால் காது. அம்சவேணி நம்பரைத் திருப்பிச் சொல்லும்போதே சரியான நம்பரை இவள் முனகுவாள். மூன்று தரம் தாவீது கவனித்துவிட்டான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மங்கைக்கு ஒரு கணக்கு தெளிவாகத் தெரிந்தது. முணுமுணுப்பதை நிறுத்தினால் ஊர் குழம்பும், பழி கையெழுத்துப் போட்டவள் மேல் விழும். இப்படியே முணுமுணுத்தால், இவள் இல்லாமல் இந்தப் போர்டு ஓடாது என்று எஞ்சினீயருக்கே தெரிந்துபோகும். ஓடாத போர்டை விட்டு யாரை விடுவிப்பார்கள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே அறை, இதே நாற்காலி.

பதினொன்றாகப் பத்து நிமிஷம். முப்பத்தொன்று முதல் நாற்பது வரை அவிழ்த்தாயிற்று, பத்து ஜோடிக் கம்பிகளும் தாவீதின் கையில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்போது புதுப் போர்டில் மூடி விழுந்தது. அம்சவேணி எடுத்தாள், அவள் முகம் மாறிவிட்டது.

சாயப்பட்டறை முனுசாமி பேசினார். கொதிக்கிற சாயக் கொப்பரை சரிந்து, பூவம்மாள் என்ற வேலைக்காரப் பெண்ணின் மேல் இடுப்பிலிருந்து கால் வரை கொட்டிவிட்டதாம். டாக்டர் வேண்டும். புத்தகத்தைப் பார்த்து நூற்று ஐம்பத்து மூன்று என்றார். அந்த லைன் இன்னும் பழைய போர்டில்தான் இருந்தது.

"அக்கா, அம்பத்து மூணு. டாக்டர். சீக்கிரம்."

மங்கை பிளக்கை எடுத்தாள். ஐம்பத்து மூன்றில் சத்தார் பாய் இருக்கிறார். டாக்டர் முப்பத்தொன்றில் இருக்கிறார், அந்த முப்பத்தொன்று எந்தப் போர்டிலும் இல்லாமல் தாவீதின் விரல்களுக்கிடையில் தொங்குகிறது.

ஒரு மறைவான வழி இருந்தது. அது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, தெரிந்ததற்காக ராத்திரி முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள். ஐம்பத்து மூன்றைக் கொடுத்துவிடலாம். சத்தார் பாய் எடுப்பார், விஷயத்தைக் கேட்டுப் பதறுவார், இரண்டு தெரு தள்ளி இருக்கிற டாக்டரிடம் ஆள் அனுப்புவார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ரிஜிஸ்டர் ரிஜிஸ்டராகவே இருக்கும், திங்கட்கிழமை அவள் குடியாத்தத்தில் இருப்பாள். ஆனால் டாக்டர் அர்ஜுனன் பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு வாலாஜாபாத் கிளம்பிவிடுவார். சனிக்கிழமை சனிக்கிழமை அப்படித்தான், அதுவும் அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

"தாவீது, முப்பத்தொண்ண முதல்ல கட்டு" என்றாள்.

வரிசைப்படிதான் கட்ட வேண்டும் என்றார் எஞ்சினீயர். முப்பத்தொன்று ஜரிகைக் கடைதானே, அதற்கென்ன இப்போது என்று ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"ரிஜிஸ்டர் தப்பு சார். நான் பொய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். டாக்டர் முப்பத்தொண்ணுலதான் இருக்காரு. பதினோரு மணிக்குக் கெளம்பிடுவாரு, கட்டச் சொல்லுங்க."

மாணிக்கவாசகம் நல்ல மனுஷர் என்று முன்னாலேயே சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, தாவீதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அரை நிமிஷத்தில் கம்பி ஏறியது. அம்சவேணி மணியை அடித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று. நாலாவதற்கு டாக்டர் எடுத்தார். வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தவர் மணி கேட்டுத் திரும்பி வந்தாராம். பூவம்மாள் பிழைத்தாள். கால் தோல் உரிந்து இரண்டு மாதம் படுத்திருந்தாள், ஆனால் பிழைத்தாள்.

பிறகு எஞ்சினீயர் மெதுவாக, இது மாதிரி எத்தனை என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றாள். அவர் ரிஜிஸ்டரை மூடி ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாற்பது லைன் அந்தப் பக்கம், ஐம்பத்திரண்டு லைன் இந்தப் பக்கம். பின்னால் போகவும் வழியில்லை, முன்னால் போகவும் தைரியமில்லை. ஊரே பாதி வீடு காலி செய்துவிட்டு நடுத்தெருவில் நிற்கிற மாதிரி. மாட்டிக்கொண்டவள் அவள் மட்டுமில்லை, இன்றைக்கே முடிப்பதாக மேலாபீசுக்கு வாக்குக் கொடுத்த அவரும்தான்.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றார் கடைசியில்.

அவள் சொன்னாள். போர்டை ஓட்டிக்கொண்டே சொன்னாள். கைகள் பிளக்கைச் செருகிக்கொண்டும் உருவிக்கொண்டும் இருக்க, வாய் ஒரு கடைக்கு ஒரு தடவை நின்று, யார் இருந்தார், இப்போது யார் இருக்கிறார், எந்த வருஷம் மாறினார் என்று சொல்லிக்கொண்டே போயிற்று. எழுத எழுத எஞ்சினீயரின் பேனா மை தீர்ந்து, தாவீதின் பென்சிலை வாங்கிக்கொண்டார். அம்சவேணி சீட்டுகளை ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினாள். மத்தியானச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. மூன்று மணிக்குத் தொண்ணூற்றிரண்டாவது லைனும் ஏறிவிட்டது. ஒரு நிமிஷம்கூட எக்சேஞ்சு நிற்கவில்லை. பழைய போர்டு இருந்த இடத்தில் சும்மா நின்றது, மங்கையின் ஹெட்செட்டைக் கழற்றிப் புதுப் போர்டில் செருகினார்கள். அம்சவேணியைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவள் அங்கே உட்கார்ந்தாள்.

எஞ்சினீயர் பட்டியலைச் சுத்தமாகப் பிரதி எடுத்து அவளிடம் காட்டினார். தலைப்பில், புதுப் போர்டு நிறுவும்போது கண்டறிந்து திருத்தியவை என்று போட்டிருந்தார். பொய்க் கையெழுத்து என்ற பேச்சே அதில் இல்லை.

"மெமோ ஒண்ணும் இல்லைம்மா. இனிமே எல்லாம் காகிதத்துல இருக்கு, யார் வேணும்னாலும் இந்தப் போர்டை ஓட்டலாம். திங்கக்கிழமை காலைல உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன். இன்னிக்கு பஸ்ஸுக்கு நேரத்தோட போங்க."

கும்பிட்டாள். அந்த ஒரு மணி நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள். காந்தாவைப் பள்ளிக்கூடத்தில் தானே கொண்டுபோய் விடுவதை, வாசலில் வாத்தியாரம்மாவிடம் நான்தான் அம்மா என்று சொல்வதை, மூடி விழாத இடைவெளிகளில் நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

நாலேகாலுக்கு மேலாபீஸ் லைனின் மூடி விழுந்தது. மாணிக்கவாசகத்தைக் கொடு என்றது குரல். அவள் அறைக்கோடியில் இருந்த மேஜைப் போனுக்குக் கொடுத்தாள். ஒட்டுக்கேட்பது குற்றம், அவள் கேட்கவில்லை. ஆனால் கண்ணை என்ன செய்வது? எஞ்சினீயர் நின்றுகொண்டே, எஸ் சார், எஸ் சார் என்றார். பிறகு எதையோ மறுத்துச் சொல்லப் பார்த்தார். பிறகு சும்மா கேட்டார். கேட்டுக்கொண்டே மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். மாற்றல் போயிற்று என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, ஏன் என்றுதான் புரியவில்லை. தன் கையாலேயே அந்தப் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு, அது முடிந்ததும் தன் கையாலேயே பிளக்கை உருவினாள்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோதண்டபாணி, சத்தார் பாய், சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர். கோதண்டபாணி கையில் பெரிய லட்டுப் பொட்டலம். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

டாக்டர் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டதாம். சத்தார் பாய் எக்சேஞ்சுக்குப் போன் செய்து விசாரித்தபோது, திங்கட்கிழமையோடு அக்கா போய்விடுவார்கள் என்று அம்சவேணி சொல்லியிருக்கிறாள். உடனே ஒரு மணிக்குச் சங்கம் கூடியது. ஒரு மணி முப்பதுக்கு ஜெனரல் மேனேஜருக்கு ஒரு தந்தி, மந்திரிக்கு ஒரு தந்தி. பொதுமக்கள் உயிரைக் காத்த ஆபரேட்டரை மாற்றக் கூடாது, மாற்றினால் கடையடைப்பு.

"எங்கள வுட்டுட்டுப் போயிடலாம்னு பார்த்தியாம்மா? வுடுவோமா நாங்க? மாத்தல் ரத்துன்னு மந்திரிகிட்டேர்ந்து பதில் தந்தி வந்துட்டுது. இனிமே ஒன்ன எவனும் அசைக்க முடியாது" என்றார் கோதண்டபாணி.

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனையும் உண்மையான அன்பு, அதில் சந்தேகமே இல்லை. மங்கை ஹெட்செட்டோடு எழுந்தாள். கயிறு விட்ட மட்டும் வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்குதுங்க" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். பெண் குடியாத்தத்தில் இருக்கிறது, ஆறு வயது, பெயர் காந்தா. அதற்காகத்தான் நாலு வருஷமாக மனுப் போட்டேன். சொல்லும்போதே அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு எப்போது மாந்தம் வந்தது, எந்த மருமகளுக்கு எந்த மாதம் பிரசவம் என்று தொண்ணூற்றிரண்டு வீட்டு விவரமும் அவளுக்குத் தெரியும். இந்தப் பதினோரு வருஷத்தில் இவர்களில் ஒருவர்கூட, உனக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. எக்சேஞ்சு பேசாது, பேச்சைக் கொடுக்கத்தானே செய்யும்?

கோதண்டபாணி ஒரு கணம்தான் திகைத்தார். உடனே தெளிந்துவிட்டார். இதற்கா அழுவது என்றார். பெண்ணை இங்கே அழைத்துக்கொண்டு வந்துவிடு, நம்ம தெருவிலேயே வீடு பார்த்துத் தருகிறேன், கான்வென்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்றார். இன்னொருவர், மாப்பிள்ளைக்கு இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிடலாம், நிர்வாகி நமக்கு வேண்டியவர்தான் என்றார். மாமனார் படுக்கையில் கிடக்கிறார், அவரை அசைக்க முடியாது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். வீடு கிழக்கு பார்த்ததா மேற்கு பார்த்ததா என்று அதற்குள் அவர்களுக்குள் வாதம் தொடங்கிவிட்டது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

சத்தார் பாய் மட்டும் வாதத்தில் சேரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கிட்ட வந்தார்.

"அந்தத் தந்திய வாபஸ் வாங்க முடியாதாம்மா?"

"போன தந்தி போனதுதான் பாய்."

அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு லட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வேண்டாமென்று நினைத்துக்கொண்டே வாயில் போட்டாள். நெய் மணத்தோடு நன்றாகவே இருந்தது. அவள் அழுதுகொண்டே அதைத் தின்று முடித்தாள்.